மல்லிகைத் தளிர் மஞ்சளாகிறது: எந்த உரத்தை இடுவது?

கேள்வி: மாடிமல்லி (தாம்பரம்)

வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் குண்டுமல்லி, பன்னீர் ரோஜா, கறிவேப்பிலை, தக்காளி, கத்தரி ஆகியவற்றைத் தொட்டிகளிலும் வளர்ப்புப் பைகளிலும் வளர்த்து வருகிறோம். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து நிரப்பியிருக்கிறோம். ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்று நீர்தான். அதனால் தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிகிறது.

உரக்கடையில் சொன்னபடி மல்லிகைக்கு மாதம் இருமுறை ஒரு கைப்பிடி டி.ஏ.பி. (டைஅம்மோனியம் பாஸ்பேட்) உரம் இடுகிறோம், எல்லாச் செடிகளுக்கும் இடையிடையே தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவிலுள்ள 19:19:19 உரக் கரைசலையும் ஊற்றுகிறோம். அப்படியிருந்தும் மல்லிகையில் பூ குறைந்துகொண்டே வருகிறது. நுனித் தளிர்கள் வெளிர் மஞ்சளாகிவிட்டன. நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கின்றன. அடி இலைகளில் எந்த மாற்றமும் இல்லை. தக்காளிச் செடி செழிப்பாக இருந்தாலும், காய்களின் அடிப்பகுதி கறுத்து அமுங்கிவிடுகிறது.

எப்சம் உப்பு இடச் சொல்கிறார் ஒருவர்; முட்டை ஓடும் வாழைப்பழத் தோலும் போதும் என்கிறார் மற்றொருவர். இரசாயன உரத்தை முற்றிலும் நிறுத்திவிட்டு இயற்கை உரத்துக்கு மாற வேண்டுமா, அல்லது வேறு உரத்தை வாங்க வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: வேர்முடிச்சு

வணக்கம் நண்பரே. நுனியில் மஞ்சள், அடியில் பச்சை என்று நீங்கள் பிரித்து எழுதியிருப்பதே பாதி விடையைத் தந்துவிடுகிறது. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் எளிதில் நகரக்கூடியவை. அவற்றில் ஒன்று குறைந்தால், செடி முதிர்ந்த இலைகளிலிருந்து அதை எடுத்துத் தளிருக்கு அனுப்புவதால் அறிகுறி முதலில் அடி இலைகளில்தான் தோன்றும். இரும்பு அப்படி நகர்வதில்லை; எனவே அது குறையும்போது நரம்புகள் பச்சையாகவும் இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் தளிர்தான் முதலில் வெளுக்கும். உங்கள் மல்லிகையில் இருப்பது இரும்புச்சத்துக் குறைபாடு. எப்சம் உப்பு மெக்னீசியம் சல்பேட் என்பதால் இதற்கு உதவாது.

ஆனால் செம்மண்ணில் இரும்பு இல்லாமலா போகும்? இருக்கிறது, வேரால் எடுக்க முடியாத வடிவில் இருக்கிறது. உங்கள் கிணற்று நீரில் பைகார்பனேட் உப்புகள் மிகுந்திருப்பதற்கு அந்த வெள்ளைப் படிவே சான்று. அவை தொட்டி மண்ணின் காரத்தன்மையைச் சிறுகச் சிறுக உயர்த்துகின்றன. கார அமில நிலை (pH) 7.5ஐத் தாண்டும்போது இரும்பு நீரில் கரைவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதன்மேல் மணிச்சத்தையும் மிகுதியாகக் கொட்டினால், இரும்பையும் துத்தநாகத்தையும் செடி எடுத்துக்கொள்வது மேலும் தடைப்படும்.

டி.ஏ.பி.யில் 18 விழுக்காடு தழைச்சத்தும் 46 விழுக்காடு மணிச்சத்தும் உள்ளன. சாம்பல்சத்து அறவே இல்லை. ஒரு கைப்பிடியை ஏறத்தாழ 50 கிராம் என்று கொண்டால் ஒவ்வொரு முறையும் 23 கிராம் மணிச்சத்து, மாதம் இருமுறை என்றால் ஆண்டுக்கு 550 கிராம் மணிச்சத்து உங்கள் தொட்டிக்குள் போகிறது. நிலத்தில் வேரோடி வளர்ந்த ஒரு குண்டுமல்லிச் செடிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆண்டு முழுவதற்கும் பரிந்துரைப்பதே தழை, மணி, சாம்பல் முறையே 60, 120, 120 கிராம்தான். அதையும் நவம்பரில் கவாத்து செய்தபின் ஒரு பாதி, ஜூன், ஜூலையில் மறுபாதி என்று பிரித்தே இட வேண்டும். தொட்டிச் செடிக்கு அதிலும் ஒரு சிறு பங்குதான் தேவை. எந்தச் செடி, எத்தனை லிட்டர் மண், எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் ‘ஒரு கைப்பிடி போடுங்கள்’ என்று சொல்லி அனுப்பும் வழக்கம் வீட்டுத் தோட்டங்களுக்குச் செய்யும் கேடு கொஞ்சமன்று.

ஆகவே டி.ஏ.பி.யை இன்றே நிறுத்துங்கள். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு, அதாவது பெரஸ் சல்பேட், அதனுடன் ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் அல்லது சிறிது எலுமிச்சைச் சாறு கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலைகளின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் போதும். கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும். வைத்திருந்தால் பழுப்பாகிப் பயனற்றுப் போகும். தரையில் சிந்தினால் துருக்கறை எளிதில் போகாது என்பதால் தொட்டியைச் சுற்றிப் பழைய சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். வேர்வழியே இரும்பு கொடுக்க விரும்பினால், கார மண்ணில் ‘இ.டி.டி.ஏ.’ (EDTA) வகை இரும்பு நிலைப்பதில்லை, ‘இ.டி.டி.எச்.ஏ.’ (EDDHA) என்று அச்சிட்ட வகையைக் கேட்டு வாங்குங்கள்.

தெளிப்பு தற்காலிக உதவிதான். தண்ணீரைச் சரிசெய்வதே நிலையான தீர்வு. மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். அறையின் குளிர்சாதனக் கருவியிலிருந்து (ஏ.சி.) சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் அதையும் கிணற்று நீருடன் கலக்கலாம். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள். அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும்.

பதில்: தொழுவுரம்

மேலே உள்ள விளக்கத்தை ஏற்றுக்கொண்டு, இயற்கை உரம் பற்றிய உங்கள் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். இயற்கை உரத்துக்கு மாறுவது நல்லதே. ஆனால் அதன் பெரும்பயன் சத்தின் அளவில் இல்லை. மண்ணை நெகிழ வைத்து, ஈரம் காத்து, நுண்ணுயிர்களை வாழவைப்பதில் இருக்கிறது. மண்புழு உரத்தில் தழைச்சத்து பெரும்பாலும் இரண்டு விழுக்காட்டை ஒட்டியே இருக்கும்; கடலைப் புண்ணாக்கில் ஏறத்தாழ ஏழு, வேப்பம் புண்ணாக்கில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு உண்டு. புண்ணாக்கைத் தூளாக மேல்மண்ணில் கொட்டினால் எறும்பும் பூஞ்சையும் சேரும். ஒரு கிலோவைப் பத்து லிட்டர் நீரில் மூன்று நாட்கள் ஊறவைத்துத் தெளிவை வடித்து, அதற்குப் பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றுவது பாதுகாப்பானது. பஞ்சகவ்யம் தெளிப்பதானால் லிட்டருக்கு 30 மில்லிக்கு மேல் வேண்டாம்.

உங்கள் மண்கலவையில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. அந்தத் தென்னை நார்க்கழிவு மக்கவைக்கப்பட்டதா? பச்சை நார்க்கழிவில் கரிமம் மிக அதிகமாகவும் தழைச்சத்து மிகக் குறைவாகவும் இருப்பதால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். நன்கு அலசாததில் உப்பும் இருக்கும். அடுத்த முறை மக்கிய நார்க்கழிவை மட்டும் சேருங்கள்.

முட்டை ஓட்டை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். அது கால்சியம் கார்பனேட். கார மண்ணில் கரைவதே இல்லை என்று சொல்லுமளவுக்கு மெதுவாகக் கரையும். எலும்புத் தூளும் அப்படித்தான்; அதிலிருப்பது பெரும்பாலும் மணிச்சத்து, அது உங்கள் தொட்டியில் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிறது. வாழைப்பழத் தோலைத் தொட்டியில் புதைக்காமல் மக்குத் தொட்டியில் போடுங்கள். அடுப்புச் சாம்பலும் வேண்டாம். அது காரத்தன்மையை மேலும் கூட்டும்.

மாடிமல்லி (தாம்பரம்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நார்க்கழிவு மக்கவைக்கப்படாத கட்டியாகத்தான் வாங்கியது. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. தக்காளியின் அடி கறுப்பது கால்சியக் குறைவினால் என்று படித்தேன்; அப்படியானால் கால்சியம் கொடுக்க வேண்டாமா? 19:19:19 கரைசலைத் தொடரலாமா?

பதில்: வேர்முடிச்சு

காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேராததுதான் காரணம். மண்ணில் அது இல்லாதது அன்று. உப்புப் படியும் கடினநீரில் கால்சியம் தாராளமாக இருக்கிறது. அது வேரிலிருந்து நீரோட்டத்துடன் மட்டுமே மேலேறும். இலைகள் நீரை அதிகமாக ஆவியாக்குவதால் பெரும்பகுதி அங்கே போய்விட, காய்க்குக் குறைவாகவே கிடைக்கிறது. ஒருநாள் காய்ந்து மறுநாள் சேறாகும் பையில் அந்தச் சிறு பங்கும் அறுபட்டுப் போகிறது. அம்மோனிய வடிவிலான தழைச்சத்து மிகுந்தாலும் இதே விளைவுதான். கோடையில் காலையும் மாலையும் அளவாக நீர் விட்டு, மேல்மண்ணைக் காய்ந்த சருகால் மூடி வையுங்கள். ஏற்கெனவே கறுத்த காய்கள் தேறாது என்பதால் அவற்றைக் கிள்ளிவிடுங்கள்.

19:19:19இல் மணிச்சத்தும் சம அளவில் இருப்பதால் அதையும் சில மாதங்கள் நிறுத்தி வையுங்கள். பூக்கும், காய்க்கும் பருவத்தில் 13:0:45 எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டை லிட்டருக்கு 2 கிராம் வீதம் இரு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றலாம். மல்லிகை, ரோஜா, கறிவேப்பிலை ஆகியவற்றுக்குத் தழைச்சத்து தேவைப்படும்போது, மண்ணைச் சற்று அமிலப் பக்கம் திருப்பும் அம்மோனியம் சல்பேட்டை யூரியாவுக்குப் பதிலாகச் சிறிதளவு பயன்படுத்தலாம். தக்காளிக்கு அது வேண்டாம். கால்சியம் நைட்ரேட்டை வாங்கினால், சல்பேட் உரங்களுடனோ மணிச்சத்து உரங்களுடனோ ஒரே வாளியில் கலக்காதீர்கள். அடியில் வெண்மையாகத் திரிந்து இரண்டுமே வீணாகும்.

இவற்றையெல்லாம் தொடங்கும் முன், தொட்டியின் அடித்துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, உப்புக் குறைந்த நீரை அடியில் வழிந்தோடும்வரை ஊற்றித் தேங்கிய உப்பைக் கழுவி விடுங்கள். பிறகு தொட்டி மண்ணையும் கிணற்று நீரையும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, கார அமில நிலையையும் உப்பின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய மஞ்சள் இலைகள் முழுப் பச்சைக்குத் திரும்பாமல் போகலாம். தெளிப்புக்குப் பின் புதிதாக வரும் தளிரின் நிறத்தை வைத்தே அடுத்த தெளிப்பு தேவையா என்று முடிவு செய்யுங்கள்.