தொட்டி மாற்றிய பிறகு தண்ணீரும் உரமும்: மாடித் தோட்ட அனுபவங்கள்

சென்னையிலிருந்து:

நர்சரியில் வாங்கித் தொட்டிக்கு மாற்றிய செடிகளில் நான் அதிகம் பார்த்த பிரச்சினை இதுதான்: மேல்மண் ஈரமாக இருக்கும், செடி மட்டும் வாடிக்கொண்டே போகும்.

போன கோடையில் எதிர்வீட்டு அக்கா ஒரு அடுக்குச் செம்பருத்தியைக் காட்டினார். தாராளமான தொட்டி, தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவை, காலையும் மாலையும் தண்ணீர். அப்படியிருந்தும் இலைகள் தொங்கிப்போய், மொட்டுகள் உதிர்ந்துகொண்டிருந்தன. "மத்தியானமும் ஒரு வேளை ஊற்றட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம் அக்கா, முதலில் வேரைப் பார்த்துவிடுவோம்" என்று தொட்டியைச் சாய்த்துச் செடியை வெளியே எடுத்தோம். சுற்றியிருந்த கலவையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. நடுவில், நர்சரிப் பையில் இருந்த செம்மண் உருண்டை அப்படியே இருந்தது. ஓரத்தைக் கொஞ்சம் உடைத்தால் உள்ளே வெளிறிய புழுதி. வேரெல்லாம் அந்த உருண்டைக்குள்தான்.

ஊற்றும் தண்ணீர் பொலபொலப்பான கலவை வழியாக இறங்கிப் போய்விடுகிறது. காய்ந்து இறுகிய செம்மண்ணுக்குள் அது எளிதில் நுழைவதில்லை. விரலை விட்டுப் பார்த்தாலும் ஓரத்தில் ஈரம்தான் தட்டுப்படும். அதனால் தண்டை ஒட்டி ஒரு ஈர்க்குச்சியைக் குத்திப் பார்ப்பது நல்லது.

அந்தச் செடியைத் தொட்டியில் திரும்ப வைத்து, தொட்டியோடு ஒரு பெரிய வாளித் தண்ணீரில் விளிம்பு வரை இறக்கினோம். கொஞ்ச நேரம் குமிழ் குமிழாக வந்துகொண்டே இருந்தது. குமிழ் நின்றதும் எடுத்து, நன்றாக வடியவிட்டு நிழலில் வைத்தோம். மறுநாள் காலை இலைகள் நிமிர்ந்திருந்தன.

இந்தச் சிக்கலே வராமல் இருக்க, நடுவதற்கு முன்பே பையோடு தண்ணீரில் ஊறவைத்துவிடலாம். உருண்டையின் ஓரங்களை விரலால் லேசாக உதிர்த்துவிட்டு, வட்டமாகச் சுற்றிக் கிடக்கும் வேர்களைப் பிரித்துவிடுங்கள். நிரப்பும் கலவையிலும் மூன்றில் ஒரு பங்கு செம்மண் இருக்கட்டும். நட்டவுடன் அடியில் வழியும் வரை ஊற்ற வேண்டும். வயலில் மாதிரியே மூன்றாம் நாள் மறுபடி ஒரு முறை தண்ணீர், அதைத்தான் உயிர்த்தண்ணீர் என்பார்கள். அதற்குப் பிறகு கடிகாரம் பார்த்து ஊற்ற வேண்டாம், மண்ணைப் பார்த்து ஊற்றுங்கள்.

இன்னொன்று. மத்தியானம் இரண்டு மணிக்கு வாடி, சாயங்காலம் தானாக நிமிரும் செடிக்குத் தண்ணீர் பற்றாக்குறை என்று முடிவுகட்டாதீர்கள். மாற்றும்போது நுண்வேர்கள் அறுந்திருக்கும், இலை ஆவியாக விடும் அளவுக்கு வேரால் உறிஞ்ச முடிவதில்லை. அதற்கு நிழல்தான் மருந்து. விடியற்காலையிலும் வாடியே இருந்தால் உடனே வேரைப் பாருங்கள்.

கோவையிலிருந்து:

செம்மண் உருண்டை பற்றிச் சகோதரி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் உரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓசூர் ஒட்டு ரோஜா ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தம்பி தொட்டியில் வைத்தார். சீக்கிரம் பூக்கட்டும் என்று அந்த வாரமே டிஏபி என்ற ரசாயன உரக் குருணையை ஒரு கரண்டி போட்டுவிட்டார். இலை விளிம்புகள் தீய்ந்து, பழுப்பாகச் சுருண்டுவிட்டன. உரமும் உப்புதான். மண்ணில் அது கூடிவிட்டால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. அறுந்த வேர் ஆறிக்கொண்டிருக்கும் சமயத்தில் அந்தச் சுமை ரொம்பவே அதிகம். கரையாமல் கிடந்த குருணைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி ஊற்றி அடி வழியாக வடியவைத்தோம். செடி பிழைத்துக்கொண்டது, ஆனால் இலை முழுக்கக் கொட்டித்தான் மறுபடி வந்தது.

புதுத் துளிர் வரும் வரை நான் உரமே கொடுப்பதில்லை. ரோஜாவில் அது செக்கச்செவேலென்று வரும், கண்ணுக்குத் தப்பாது. துளிர் விரிந்து இலையாக வேண்டும், பொதுவாக மூன்று நான்கு வாரம் ஆகும். நடும்போது கலந்த தொழு உரமே அதுவரை போதும். முதல் உணவு ஒரு கைப்பிடி மண்புழு உரம், தண்டை விட்டுத் தள்ளி, ஓரமாக. அதற்கப்புறம்தான் கடலைப் புண்ணாக்குக் கரைசல்: 100 கிராம் புண்ணாக்கை 1 லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து. எந்தக் கரைசலானாலும் ஈர மண்ணில்தான் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் வேண்டவே வேண்டாம்.

திருச்சியிலிருந்து:

நார்க்கழிவுக் கட்டி வாங்குகிறவர்கள் அதை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அதிலேயே உப்பு இருக்கும். எங்கள் தெருவில் போர் தண்ணீரும் உப்பு. இரண்டும் சேர்ந்து தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்துவிடும். மழை பெய்யும்போது தொட்டிகளை நனையவிட்டால் நன்றாகக் கழுவிவிடும்.

கறிவேப்பிலைக்கு ஆணிவேர், அதை உடைத்தால் தேறுவது கஷ்டம். அதனால் உருண்டையை உதிர்க்காமல் அப்படியே நடுகிறேன், குச்சியால் நாலைந்து துளை மட்டும். சித்திரை வெயிலில் தளச் சூடு தொட்டிக்குள் ஏறும், அடியில் இரண்டு செங்கல் வையுங்கள். தட்டு வைத்திருந்தால் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

அரிசி கழுவின தண்ணீரைப் புதுச் செடிக்கு ஊற்றலாமா?

சென்னையிலிருந்து:

ஊற்றலாம் அண்ணா, உப்புப் போடாத, புளிக்காத தண்ணீராக இருந்தால் சரி. ஆனால் அதுவும் தண்ணீர்க் கணக்கில்தான் வரும். மண் ஈரமாக இருக்கும் நாளில், மிச்சம் இருக்கிறதே என்று ஊற்ற வேண்டாம், வேறு பழைய செடிக்குக் கொடுத்துவிடுங்கள்.