‘ஆற்றல் மாற்றம்’ இரண்டு வேலை பார்க்கிறது: ‘கைமாறல்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். ‘ஆற்றல் மாற்றம்’ என்பதற்குத் தெளிவான சொல் தேடி இங்கே பேசிவருகிறோமே, அதற்கு என் பங்கு இது.

ஒரு பொருளிடமிருந்து இன்னொரு பொருளுக்கு ஆற்றல் போனாலும் ‘ஆற்றல் மாற்றம்’ என்கிறோம். இயக்க ஆற்றல் வெப்பமாகவும் ஒலியாகவும் ஆனாலும் அதையேதான் எழுதுகிறோம். பென்னாகரம் பக்கம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மோதல் பற்றிச் சொல்லும்போது இதில் மாட்டிக்கொண்டேன்.

முற்றத்தில் கோலி ஆடினோம். சுண்டிய கோலி, சும்மா கிடந்த கோலியை நேருக்கு நேர் அடித்தது. அடித்தது ஏறக்குறைய அங்கேயே நின்றது, அடிபட்டது ஓடியது. (தரையில் உருட்டி அடித்தால் இப்படி நிற்காது. சுழற்சி மிச்சமிருப்பதால் மோதிய பிறகும் கொஞ்சம் முன்னால் போகும்.) அப்புறம் ஒரு பையன் கொண்டுவந்த ஆறின கேழ்வரகுக் களி உருண்டைமேல் கோலியைப் போட்டோம். பொதுக்கென்று பதிந்தது, துள்ளவே இல்லை.

“அதோட ஆற்றல் எங்க சார் போச்சு?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“ஆற்றல் மாற்றம்” என்றேன்.

“ஓடின கோலிக்கும் அதையேதான சொன்னீங்க?”

அந்தப் பெண் கேட்டது நியாயம். களியில் கோலியின் ஆற்றல் வெப்பமாகியிருக்கிறது. ஆனால் 5 கிராம் கோலி 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறத்தாழ 0.05 ஜூல்தான். தொட்டுப் பார்த்தால் தெரியாது. அதனால் சொல்லாவது தெளிவாக இருக்க வேண்டும்.

ஒரு பொருளிடமிருந்து இன்னொன்றுக்கு ஆற்றல் போவதற்கு இங்கே சிலர் ‘பரிமாற்றம்’ என்றீர்கள். அதில் இரு பக்கமும் கொடுத்து வாங்குவது தொனிக்கிறது. ‘கடத்தல்’ வெப்பப் பாடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. என் பரிந்துரை ‘ஆற்றல் கைமாறல்’. பணம் கைமாறியது என்கிறோமே, கொடுத்தவரிடம் குறைகிறது, வாங்கியவரிடம் கூடுகிறது, மொத்தக் கணக்கு அப்படியே நிற்கிறது. அழிவின்மை விதியும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. கைமாத்து வாங்கினால் திருப்பித் தரணுமே என்று ஒருவர் கேட்டிருந்தார். சரிதான், அதனால்தான் ‘கைமாற்று’ என்று வைக்கவில்லை.

ஆற்றல் ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவமாவதற்கு ‘உருமாற்றம்’ போதும். தலைப்பிரட்டை தவளையாவதைப் படித்த பிள்ளைகளுக்கு அது புதுச்சொல் அல்ல. கோலிகள் மோதும்போது கேட்கும் ‘டக்’கூட உருமாறிய பங்குதான். மீட்சி மோதல் என்றால் மோதி முடிந்தபின் இயக்க ஆற்றல் துளியும் உருமாறியிருக்காதது, மீட்சியற்ற மோதல் என்றால் கொஞ்சமாவது உருமாறியிருப்பது என்று வரையறையும் எளிதாகிறது. மறுநாள் அதே பெண், “நெறைய கைமாறிச்சு, கொஞ்சம் உருமாறிச்சு” என்றாள்.

இயக்க ஆற்றலையும் நிலை ஆற்றலையும் சேர்த்துச் சொல்லும் ‘இயந்திர ஆற்றல்’ இன்னொரு தலைவலி. மரத்திலிருந்து விழும் மாங்காயில் இயந்திரம் எங்கே என்று கேட்கிறார்கள். அதையே ‘பொறிமுறைச் சக்தி’ என்று எழுதும் இலங்கை நண்பர்கள் இதை வகுப்பில் எப்படி விளக்குகிறீர்கள்?