லௌரிக்குப் பிறகு யார்? ராப்டர்ஸ் கார்டுகளை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஸ்காபரோவிலிருந்து:

ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியில் பந்தை நடத்திச் செல்லும் வீரர்களான கார்டுகளைப் (guards) பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாரும் புள்ளிக்கணக்கைத் தூக்கிப் போடுகிறார்கள். நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். கைல் லௌரி ரொறன்ரோவில் ஆடிய காலம். ஒரு பனிக்கால இரவில் மகனை அழைத்துக்கொண்டு அரங்குக்குப் போனேன். இருந்ததிலேயே மலிவான டிக்கெட். கூரையைத் தொடாத குறை. அங்கிருந்து முகங்கள் தெரியாது. ஆனால் யார் எங்கே நகர்கிறார் என்பது சதுரங்கப் பலகையைப் பார்ப்பதுபோலத் தெரியும்.

எதிரணியின் நெடிய ஆள் ஒருவர் கூடையை நோக்கி முழு வேகத்தில் வந்தார். லௌரி ஆறடிதான். ஒதுங்கவில்லை. அவர் வரப்போகும் வழியை முன்பே கணித்துப் போய், கால்களை ஊன்றி, கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றார். மோதிய வேகத்தில் மல்லாந்து விழுந்து தரையில் சறுக்கிக்கொண்டே போனார். மோதியவர் மேல்தான் தவறு என்று நடுவர் ஊதினார், பந்து எங்கள் பக்கம். "அப்பா, அவருக்கு நோகாதா?" என்றான் மகன். புள்ளிப் பலகையில் ஓர் எண்கூட மாறவில்லை.

இந்த மனிதர் 2020இல் சிக்காகோவில் நடந்த நட்சத்திர ஆட்டத்திலும் இதையே செய்தார். வழக்கமாக யாருமே மெனக்கெட்டுத் தடுக்காத காட்சி ஆட்டம் அது!

2019 ஏப்ரலில் ஓர்லாண்டோவுக்கு எதிரான முதல் பிளேஓஃப் (கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுகள்) ஆட்டத்தில் அவர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. தோற்றோம். "டிரோசனைக் கொடுத்துவிட்டு இந்த ஆளை வைத்திருக்கிறார்களே" என்று என் மச்சான் தொலைபேசியில் பொரிந்து தள்ளினார். டிரோசன், அதற்கு முந்தைய ஆண்டு வேறு அணிக்கு மாற்றிக் கொடுத்த எங்கள் நட்சத்திர வீரர். ஜூன் 13 அன்று ஓக்லாந்தில் வாரியர்ஸை வென்று கிண்ணத்தை எடுத்த ஆட்டத்தில், அணியின் முதல் 11 புள்ளிகளும் லௌரியுடையவை. மொத்தம் 26. மச்சான் அன்றும் அழைத்தார். டிரோசன் பேச்சே வரவில்லை.

பிராம்டனிலிருந்து:

அண்ணா, லௌரியைப் பாடிவிட்டு அவரோடு ஆடிய இன்னொரு கார்டு பிரெட் வான்வ்லீட்டை மறந்துவிட்டீர்களே. அதே ஆட்டத்தில் 22 புள்ளிகள், அதில் 12 கடைசிக் கால்பகுதியில். 2016 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களைத் தெரிவு செய்யும் நிகழ்வு) 60 பேரைத் தெரிவு செய்தார்கள். அவர் பெயர் வரவேயில்லை.

அந்த 2019 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தை நண்பன் வீட்டு நிலவறையில் பார்த்தோம். வாரியர்ஸ் வீரர் லிவிங்ஸ்டனின் முழங்கை முகத்தில் பட்டு வான்வ்லீட் விழுந்தார். பல் உடைந்தது, கண்ணுக்குக் கீழே ஏழு தையல். கொறித்துக்கொண்டிருந்த மிக்சரை அப்படியே வைத்துவிட்டு எல்லாரும் எழுந்து நின்றோம். அடுத்த ஆட்டத்தில் தையலோடு வந்து ஆடினார். 2021 பிப்ரவரியில் ஓர்லாண்டோவுக்கு எதிராக 54 புள்ளிகள் எடுத்து அணியின் சாதனையை முறித்தார். முறிந்தது டிரோசனின் 52 என்பதை உங்கள் மச்சானிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

2023இல் அவர் ஹூஸ்டனுக்குப் போனபோது கைமாறாக ஒரு வீரர்கூட வரவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மார்க்கத்திலிருந்து:

தம்பிமார் இருவரும் பழங்கதையிலேயே நிற்கிறீர்கள். வான்வ்லீட்டுக்குப் பிறகு வந்த கார்டு இமானுவல் குவிக்லியை நான் இரண்டு தடவை நேரில் பார்த்தேன். தடுப்பவர் பின்வாங்கினால் அங்கிருந்தே மூன்று புள்ளிக்கு எறிவார். நெருங்கி வந்தால் உள்ளே புகுந்து ஒற்றைக் கையால் பந்தை நெடியவர்களின் தலைக்கு மேலே மிதக்கவிடுவார். அது இறங்கும்வரை அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பயிற்சியின்போதும் பார்த்தேன், அந்த ஒரே எறிதலைச் சலிக்காமல் திரும்பத் திரும்ப எறிந்தார். இப்படி எறியத் தெரிந்தவருக்கு நேரம் கொடுக்க வேண்டாமா?

அஜாக்ஸிலிருந்து:

அக்கா, அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 17.5 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தம் கொடுத்தார்கள். 2024–25 பருவத்தில் அவர் ஆடியது 33 ஆட்டங்கள். நேரம் கொடுக்கலாம், ஆள் களத்தில் இருந்தால்!

மறுபடியும் ஸ்காபரோவிலிருந்து:

காயத்துக்கு ஒருவரைக் குறை சொல்லக் கூடாது. குவிக்லியின் எறிதலில் எனக்கும் சந்தேகம் இல்லை. என் குறை வேறு. பந்து கையில் இல்லாத நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். எதிரணிக்காரர் ஒருவர் குறுக்கே வந்து வழிமறித்தால் அதில் மாட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார். அந்த விஷயத்தில் என் கண் இன்னொரு கார்டு ஜமால் ஷெட் மேல்தான். 2024 டிராஃப்டில் 45ஆவது தெரிவாக வந்தவர். உயரம் குறைவு, எறிதல் இன்னும் கைகூடவில்லை. ஆனால் எதிரணிக்காரர் பந்தை வாங்கிய இடத்திலிருந்தே, களத்தின் முழு நீளத்துக்கும் அவர் மார்போடு ஒட்டிக்கொண்டு போகிறார். பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவருவதற்குள் அந்த எதிரணிக்காரருக்கு வியர்த்துவிடுகிறது. முதல் ஐவரில் சேர்க்கச் சொல்லவில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் இருவரையும் சேர்த்து ஆடவிடட்டும். எறிபவர் எறியட்டும், கடிப்பவர் கடிக்கட்டும்.

அடுத்த முறையும் கூரைப்பக்க டிக்கெட்தான் எடுக்கப்போகிறேன். நெடிய ஆள் ஒருவர் ஓடிவரும்போது குவிக்லி கால்களை ஊன்றுகிறாரா, ஒதுங்குகிறாரா என்று அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும்.