மறு: ‘மொபிலிட்டி கில்’ தமிழில் எப்படி?

> ‘நகர்வழிப்பு’ போதாதா? ஓடாத டாங்கி அழிந்த டாங்கிதானே?

போதாது ஐயா. நம் போர்ச்சொல் பட்டியலில் ‘மொபிலிட்டி கில்’ என்றால் டாங்கியை நகர முடியாமல் செய்வது மட்டுமே. ‘அழிப்பு’ நுழைந்தாலே கணக்கு கெட்டுவிடுகிறது. 1944 ஆகஸ்டில் பிரான்சின் நார்மண்டியில் மோர்தேன் ஊர் அருகே ஜெர்மன் டாங்கிப் படை முன்னேறியது. பிரிட்டனின் டைஃபூன் போர் விமானங்கள் ராக்கெட்டுகளால் தாக்கின. அமெரிக்க விமானங்களும் சேர்ந்துகொண்டன. அழிந்தவை, சேதமானவை என விமானிகள் சொல்லிக்கொண்ட எண்ணிக்கை 252. பிறகு பிரிட்டிஷ் ஆய்வுக் குழு களத்தில் இறங்கிப் பார்த்தபோது, டாங்கிகளும் தானே ஓடும் பீரங்கி வண்டிகளுமாக 46தான் கிடந்தன. அவற்றில் வான் தாக்குதலுக்கு இரையானவை 9.

அதற்காக விமானங்கள் வீணாகப் பறந்தன என்று சொல்ல மாட்டேன். பல வண்டிகளை வீரர்களே விட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். கூட வந்த லாரிகள் எரிந்தன. எரிபொருள் வராத டாங்கி எத்தனை தூரம் போகும்? 1971 டிசம்பரில் ராஜஸ்தானின் லோங்கேவாலாவிலும் இந்திய ஹண்டர் விமானங்களிடம் அடிவாங்கிய பாகிஸ்தான் டாங்கிகள் போக, மணலில் சிக்கி நின்றவையும் உண்டு.

ஆகவே ‘முடக்கம்’ என்பதை அடிச்சொல்லாக வைப்போம். சங்கிலிப் பட்டை அறுந்தால் இயக்க முடக்கம். அந்த டாங்கி நின்ற இடத்திலிருந்தே சுடும், அதை அழிந்ததாக எழுதுவது ஆபத்து. பீரங்கி கெட்டால் சுடுதிறன் முடக்கம். எரிந்து கூடானால் முற்றழிவு. கடலூர் முதுநகர் லாரிப் பட்டறையில் அச்சு முறிந்த வண்டியையும் காயலான் கடைக்குப் போகும் வண்டியையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆள் இறங்கி ஓடிய வண்டிக்குக் ‘கைவிடல்’ என்று தனி வகை வேண்டும்.

— கடலூரிலிருந்து

கடலூர் ஐயாவுக்கு,

‘முடக்கம்’ எனக்குச் சம்மதம். ‘இயக்க’ மட்டும் வேண்டாம். இலங்கை நண்பர்கள் இயக்கம் என்றதும் ஆயுதக் குழுவைத்தான் நினைப்பார்கள். ‘நகர்வு முடக்கம்’ என்று எழுதுங்கள். (நான் சொல்தா வீட்டுப் பிள்ளை, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவரின் குடும்பம், போர்ப் பேச்சு என்றால் விடமாட்டேன்.)

‘கைவிடல்’ வகையில் ஒரு சிக்கல். டாங்கியின் மேற்கூரைத் தகடு முகப்பைவிட மெல்லியது என்று வீரர்களுக்குத் தெரியும். குறி தவறினாலும் பயந்து குதித்துவிடுவார்கள். விமானம் போனபின் திரும்பி ஏறி ஓட்டிக்கொண்டு போனால்? ‘தற்காலிகக் கைவிடல்’ என்று ஓர் உட்பிரிவு சேர்க்கலாமா?

1999இல் கொசோவோவில் செர்பியர்கள் நிறுத்திவைத்த ஏமாற்று டாங்கிகள் மேலும் குண்டு விழுந்தது. அதற்கு யாரோ ‘மாயக்கவசம்’ என்று எழுதியிருந்தீர்கள். புராண நாடகத்துக்கு ஆகும். பட்டியலில் ‘போலி டாங்கி’ என்றே இருக்கட்டும்.

— புதுச்சேரியிலிருந்து