108-லிருந்து 999-க்கு: பிரிட்டனில் பாராமெடிக் ஆக நினைக்கிறவங்களுக்கு

கேள்வி: சென்னையில் 108-ல் இ.எம்.டி. (எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன்) வேலை, 5 வருஷ அனுபவம். இப்போ டிபெண்டன்ட் விசாவில் லீட்ஸ். பாராமெடிக்கா சேரலாமா?

பதில் 1: இங்கே ‘பாராமெடிக்’ (ஆம்புலன்ஸில் வந்து சிகிச்சை தர்றவர்) சட்டம் காக்கிற பெயர். எச்.சி.பி.சி.ங்கிற சுகாதாரத் தொழில் கவுன்சிலோட பதிவேட்டில் இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டால் குற்றம். லிங்க்டுஇன்ல கூட ‘இ.எம்.டி., இந்தியா’ன்னே எழுதுங்க. வெளிநாட்டுப் படிப்பை எச்.சி.பி.சி. தங்கள் தகுதித் தரங்களோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. இங்கே இது டிகிரிப் படிப்பு, குறுகிய இ.எம்.டி. பயிற்சி அதுக்கு ஈடாகுறது கஷ்டம். நடைமுறையான வழி: எமர்ஜென்சி கேர் அசிஸ்டன்ட்டா (ஆம்புலன்ஸில் பாராமெடிக்குக்கு உதவியாளர்) சேர்ந்து, அங்கிருந்து அப்ரன்டிஸ்ஷிப் டிகிரிக்கு, அதாவது வேலை பார்த்துக்கிட்டே படிக்கிற டிகிரிக்குப் போறது. ஆம்புலன்ஸ் ஓட்ட பெரும்பாலும் சி1 லைசென்ஸ் (காரை விடப் பெரிய வண்டிக்கானது) கேட்பாங்க. இந்திய லைசென்ஸை இங்கே மாத்திக்க முடியாது, கார் டெஸ்ட்ல இருந்தே ஆரம்பிக்கணும். அதுக்கே மாசக்கணக்காகும், லைசென்ஸுக்கு இன்னைக்கே விண்ணப்பிச்சிடுங்க.

பதில் 2: மேலே சொன்னது காகித வேலை. ‘நான் பாராமெடிக்’ங்கிற நினைப்பு ஊறுறது வேற இடத்துல. 108-ல் நல்ல வேலைன்னா சீக்கிரம் போய், ஏத்தி, ஆஸ்பத்திரியில் சேர்க்கிறது. இங்கே ஏத்தாம விடுறதும் சிகிச்சைதான், அதுக்கு நீங்கதான் பொறுப்பு. வழுக்கி விழுந்த 80 வயசுப் பாட்டியை வீட்டிலேயே விடணும்னா தலையில் அடியா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்களா, எழுந்து நடக்கிறாங்களா, ராத்திரி துணைக்கு யாருன்னு பார்த்து, என்ன ஆனா மறுபடி 999 (இங்கே அவசர உதவி எண்) கூப்பிடணும்னு சொல்லி, அத்தனையையும் பதிவு பண்ணணும். எழுதாதது நடக்காததுக்குச் சமம்.

பாராமெடிக்கா புதுசா பதிவானவங்களுக்கு வழக்கமா 2 வருஷம் மேற்பார்வைக் காலம் உண்டு. அப்போ சீனியர் கிளினிஷியனுக்கு போன் போடுறதை அவமானமா எடுத்துக்கிறவங்கதான் மாட்டிக்கிறாங்க. பயத்துல எல்லாரையும் ஏத்திட்டுப் போறவங்களுக்கோ தீர்மானம் எடுக்கவே வராது. போன்ல ‘என்ன செய்யட்டும்?’னு கேட்காதீங்க. ‘என் முடிவு இது, காரணம் இது, எதை விட்டுட்டேன்?’னு கேளுங்க.

ஷிப்ட் முடிஞ்சதும் ஒரு கேஸைப் பத்தி அரைப் பக்கம் எழுதி வைங்க. நோயாளி பெயர், தெரு எதுவும் வேண்டாம். எச்.சி.பி.சி. பதிவை 2 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது 2.5 சதவீதம் பேரைத் தேர்ந்தெடுத்து, தொடர்ந்து கற்றதுக்கு ஆதாரம் கேட்பாங்க. அப்போ அதுதான் கைகொடுக்கும்.

பதில் 1: இன்னொண்ணு. யாராவது ‘ஆம்புலன்ஸ் டிரைவரா?’ன்னு கேட்பாங்க. இங்கே பாராமெடிக் பலருக்கும் அது எரிச்சல்தான், சிரிச்சுட்டு நகருங்க.