ஐபோனில் வார் ஆஃப் தி லயன்ஸ்: ஸ்டோரில் தேடினால் வரவே இல்லை, உதவுங்கள்

கட்டம்தாண்டி | 19 செப்டம்பர் 2010

வணக்கம். என்னிடம் இருப்பது ஐபோன் 3ஜிஎஸ். 'ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ்: தி வார் ஆஃப் தி லயன்ஸ்' விளையாட்டு செப்டம்பரில் ஐபோனுக்கு வரும் என்று ஜூன் மாதம் இ3 வீடியோகேம் கண்காட்சியின்போது அறிவித்தார்கள். மாதம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. ஆப் ஸ்டோரில் முழுப் பெயர், பாதிப் பெயர், வெறும் 'டாக்டிக்ஸ்' என்று எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். பிப்ரவரியில் வந்த ஃபைனல் ஃபேண்டஸி முதல் இரண்டு பாகங்கள்தான் வந்து நிற்கின்றன. போனை அணைத்துப் போட்டேன். அக்கவுண்டிலிருந்து வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன். இந்திய ஸ்டோர் என்பதால் காட்டவில்லையா, இல்லை என் போனில்தான் ஏதாவது கோளாறா?

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. போனிலேயே வரப்போகிறதே என்று, ஜூலையில் என் பிஎஸ்பியை (சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவி) இதே விளையாட்டின் யூஎம்டி டிஸ்க்கோடு சேர்த்து அத்தை பையனுக்கு விற்றுவிட்டேன். மூன்றாம் அத்தியாயம் ஆரம்பித்திருந்தேன்.

இரவுஷிப்ட் | 19 செப்டம்பர் 2010

தம்பி, போனைக் குடையாதீர்கள். அது நன்றாகத்தான் இருக்கிறது. என்னிடம் அமெரிக்க அக்கவுண்ட் உண்டு, இப்போதுதான் அதிலும் தேடினேன். அங்கேயும் இல்லை. தள்ளிப்போய்விட்டது, அவ்வளவுதான். கண்காட்சியில் சொல்லும் மாதத்தை நம்பிக் கையில் இருப்பதை விற்கலாமா?

சோளப்பொரி | 20 செப்டம்பர் 2010

1997இல் பிளேஸ்டேஷனில் வந்தபோதே விளையாடியவன் நான். தாமதத்துக்கு அவர்கள் காரணம் என்ன வைத்திருக்கிறார்களோ, எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

பிஎஸ்பியின் திரை 480×272. உங்கள் 3ஜிஎஸ் 480×320. புள்ளிக் கணக்கில் போன் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் அது 4.3 அங்குலம், இது 3.5 அங்குலம். அதே எழுத்து சுருங்கிவிடும். அப்புறம் விரல். இந்த விளையாட்டில் எல்லாமே கட்டம்தான்: எந்தக் கட்டத்தில் நிற்கிறான், எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறான் என்பதெல்லாம் உயிர் போகிற விஷயம். கோட்டை மதிலுக்குப் பின்னால் ஒரு வில்லாளி நிற்கிறான் என்று வையுங்கள். அவனைத் தொடப் போனால் முன்னால் இருக்கும் கட்டத்தில் விரல் படும், விரலே பாதி மதிலை மறைத்துவிடும். முதல் இரண்டு பாகங்களில் செய்த மாதிரி, திரையில் ஒரு பொய்த் திசைப் பட்டனை வரைந்துவிட்டுத் தப்பிக்க முடியாது.

இன்னொன்று, பிஎஸ்பி பதிப்பில் மந்திரம் போடும்போதெல்லாம் படம் இழுத்து இழுத்து ஓடும். அதை அப்படியே போனில் கொட்டினால் யாரும் சும்மா விட மாட்டார்கள். அதைச் சரிசெய்துவிட்டுத் தருவதானால் ஒரு வருடம்கூட நான் காத்திருப்பேன்.

கட்டம்தாண்டி | 20 செப்டம்பர் 2010

உங்களுக்கென்ன அண்ணா, வீட்டில் பிளேஸ்டேஷன் டிஸ்க் இருக்கிறது. ஒரு வருடம் என்று வாயால்கூடச் சொல்லாதீர்கள்.

கட்டம்தாண்டி | 27 மார்ச் 2011

தூசி தட்டுகிறேன். இந்த வாரம் ஃபைனல் ஃபேண்டஸி மூன்றாம் பாகம் ஐபோனுக்கு வந்துவிட்டது, நிண்டெண்டோ டிஎஸ்ஸில் இருந்த அதே முப்பரிமாணப் பதிப்பு. எனக்கு வேண்டியது மட்டும் இன்னும் வரவில்லை. யாருக்காவது ஏதாவது தெரியுமா?

இரவுஷிப்ட் | 27 மார்ச் 2011

தெரியாது. மூன்றாம் பாகத்தை வாங்கி விளையாடுங்கள். அதிலும் ஆட்களின் வேலையை, அதாவது போர்த் தொழிலை, மாற்றும் முறை உண்டு, கை பழகும்.

கட்டம்தாண்டி | 5 ஆகஸ்ட் 2011

வந்துவிட்டது!! நேற்றுத்தான் வெளியாகியிருக்கிறது. 15.99 டாலர், நம் காசுக்கு எழுநூறு ரூபாய்க்கு மேல். பிஎஸ்பியை விற்ற காசில் ஒரு பங்கு போயிற்று. சரி, இப்போது புதுத் தொல்லை. பஸ்ஸில் வரும்போது பணம் கட்டிவிட்டேன், டவுன்லோட் ஆரம்பிக்கவே மாட்டேன் என்கிறது. கட்டிய பணம் போனதா?

இரவுஷிப்ட் | 5 ஆகஸ்ட் 2011

பணம் எங்கேயும் போகாது. 20 எம்பிக்கு மேல் இருந்தால் மொபைல் டேட்டாவில் இறக்க விடமாட்டார்கள். வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரில் ஐட்யூன்ஸைத் திறந்து அதே அக்கவுண்டில் இறக்குங்கள், பிறகு கேபிளைப் போட்டு போனுக்கு மாற்றுங்கள். மறுபடி வாங்கச் சொல்லிக் கேட்டால் பயப்பட வேண்டாம். ஒரு முறை வாங்கியதற்கு இரண்டாம் முறை காசு எடுக்க மாட்டார்கள்.

சோளப்பொரி | 7 ஆகஸ்ட் 2011

நானும் வாங்கிவிட்டேன். மந்திரம் இப்போது இழுக்கவில்லை, யூஎம்டி கரகரவென்று சுற்றும் வரை காத்திருக்கவும் வேண்டாம். திரையை விரலால் நகர்த்திப் பார்க்கலாம். ஆனால் நான் பயந்த மாதிரியே சில இடங்களில் பக்கத்துக் கட்டத்தில்தான் விரல் விழுகிறது. கோணத்தைத் திருப்பிவிட்டுத் தொடுங்கள், பாதி பிரச்சினை தீரும். பிஎஸ்பியில் இரண்டு பேர் சேர்ந்து விளையாடும் பகுதி இருந்ததே, அது இதில் கிடையாது. எனக்குக் கூட விளையாட ஆளே இருந்ததில்லை, அதனால் கவலையும் இல்லை.

முக்கியமான ஒன்று. தம்பி, எப்போதும் இரண்டு ஸ்லாட்டில் மாற்றி மாற்றி சேவ் செய்யுங்கள். மூன்றாம் அத்தியாயக் கடைசியில் ரியோவேன்ஸ் கோட்டை வரும். வாசலில் ஒரு சண்டை முடிந்ததும் சேவ் செய்யவா என்று கேட்கும். பழைய ஸ்லாட்டின் மேலேயே செய்தீர்களானால் திரும்பி ஊருக்கு வர வழியில்லை. உள்ளே நம் நாயகன் ரம்ஸா தனி ஆளாக எதிரி வீக்ராஃப் முன்னால் போய் நிற்பான்.

கட்டம்தாண்டி | 3 செப்டம்பர் 2011

அண்ணா, திட்டாதீர்கள். வாசல் சண்டை முடிந்ததும், பஸ் நிறுத்தம் வந்துவிட்டதே என்ற அவசரத்தில் அதே ஸ்லாட்டில் சேவ் செய்துவிட்டேன். இரண்டாம் ஸ்லாட் இருக்கிறது, ஆனால் அது இரண்டாம் அத்தியாயத்துச் சேவ். வீக்ராஃப் இரண்டே வெட்டில் ரம்ஸாவை முடித்துவிடுகிறான். பதினோரு முறை ஆயிற்று. மறுபடி இரண்டாம் அத்தியாயத்திலிருந்து வரத்தான் வேண்டுமா?

சோளப்பொரி | 3 செப்டம்பர் 2011

திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். ரம்ஸா இப்போது என்ன வேலையில் இருக்கிறான்? இரண்டாவது திறன் வரிசையில் என்ன இருக்கிறது? 'டெயில்விண்ட்' என்ற திறனைக் கற்றிருக்கிறானா?

கட்டம்தாண்டி | 3 செப்டம்பர் 2011

நைட். இரண்டாவதாக 'மெட்டில்', ரம்ஸாவுக்கே உரிய திறன் வரிசை. டெயில்விண்ட் இருக்கிறது, ஒருநாளும் தொட்டதில்லை.

சோளப்பொரி | 3 செப்டம்பர் 2011

அப்படியானால் பிழைத்தீர்கள். அது ஒவ்வொரு முறையும் வேகத்தை ஒன்று கூட்டும். கேட்க அற்பமாகத்தான் இருக்கும், ஆனால் இந்த விளையாட்டில் யார் முறை எப்போது வரும் என்பதை வேகம்தான் தீர்மானிக்கிறது. ஆரம்பத்தில் அடிக்கவே போகாதீர்கள். அவன் வாள் எட்டாத தூரத்துக்கு ஓடி, ரம்ஸா தன் மேலேயே டெயில்விண்ட் போடட்டும். அவன் நெருங்கினால் மறுபடி ஓட்டம், மறுபடி டெயில்விண்ட். உயிர் குறைந்தால் மருந்து. அவனுடைய ஒரு முறைக்கு உங்களுக்கு இரண்டு, மூன்று முறை வரத் தொடங்கும். அப்போது திரும்பி அடியுங்கள். வீரன் ஓடலாமா என்றெல்லாம் யோசிக்க வேண்டாம், இருபது வயதில் நானும் இப்படித்தான் ஓடினேன்.

அவன் விழுந்ததும் முடிந்துவிட்டது என்று போனை வைத்துவிடாதீர்கள். பூதமாக மாறுவான். அப்போது உங்கள் ஆட்களும் வந்துவிடுவார்கள்.

கட்டம்தாண்டி | 4 செப்டம்பர் 2011

விழுந்துவிட்டான்! முதல் முயற்சியில் சுவரோரம் மாட்டிக்கொண்டேன், இரண்டாவதில் ஒன்பது டெயில்விண்ட். கடைசியில் அவன் நகர்வதற்குள் ரம்ஸா மூன்று அடி அடிக்கிறான், பார்க்கவே பாவமாக இருந்தது. பூதமும் காலி. பேட்டரி 6 சதவீதம். தனி ஸ்லாட்டில் சேவ் செய்துவிட்டேன் அண்ணா, சத்தியமாக.

இரவுஷிப்ட் | 4 செப்டம்பர் 2011

வாழ்த்துகள். ஆமாம், அந்த பிஎஸ்பி என்ன ஆயிற்று?

கட்டம்தாண்டி | 4 செப்டம்பர் 2011

அத்தை பையன் என் பழைய சேவிலிருந்தே தொடர்ந்து, போன பொங்கலுக்கு முன்பே முழுக் கதையையும் முடித்துவிட்டான். டெயில்விண்ட் பற்றி அவனுக்கும் தெரியுமாம். நான் கேட்கவில்லையாம்.