புதுப்பிப்பு: உலக மேப்ல நடுவுல வந்த வெள்ளைக் கோடு போயிடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, கார்டோபைல (பைத்தான்ல மேப் வரையுற லைப்ரரி) வெப்பநிலைய கான்டூரா, அதாவது கலர் பட்டைகளா, போட்டா 0 டிகிரி தீர்க்கரேகைல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு விழுதுன்னு, அது சரியாயிடுச்சு, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

வேலை செஞ்சது கார்டோபைலயே இருக்குற 'ஆட் சைக்ளிக் பாயின்ட்' (add_cyclic_point) ஃபங்ஷன யூஸ் பண்ற யோசனைதான். என் டேட்டா 2.5 டிகிரி கிரிட், தீர்க்கரேகை 0ல ஆரம்பிச்சு 357.5லயே முடிஞ்சிடுது, 360 கிடையாது, அதனால அந்தக் கடைசி இடைவெளிய நிரப்ப எதுவுமே இல்ல. அந்த ஃபங்ஷன் முதல் நெடுவரிசையையே (0 டிகிரி மதிப்புகள) கடைசில இன்னொரு தடவ ஒட்டிடுது.

முதல்ல டேட்டாவ மட்டும் குடுத்துட்டு பழைய தீர்க்கரேகையவே வச்சு வரைஞ்சேன், தீர்க்கரேகை 144, டேட்டா 145, ரெண்டும் பொருந்தலன்னு எரர். தீர்க்கரேகைய 'கோஆர்ட்'ங்கிற (coord) இடத்துல சேர்த்துக் குடுத்தா ரெண்டையும் நீட்டித் தந்துடும், அரை நாள் இதுலயே போச்சு.

இன்னொண்ணு எதிர்பார்க்கல: பிடிஎஃப்ல சேவ் பண்ணா கலர் பட்டைகளுக்கு நடுவுல மெல்லிசா வெள்ளைக் கோடுங்க. அது வேற பிரச்சனை, வியூவர் ஓரத்த மழுப்புறதால வர்றது, டேட்டால ஒண்ணும் ஓட்டை இல்ல. 300 டிபிஐ பிஎன்ஜில சுத்தமா வந்துச்சு.